சின்னவனின் சம்மதம்

சின்னவனைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதுமாக இருந்தது.

சின்னவன் அவளுடைய கொழுந்தன், கணவனுக்கு ஒரே தம்பி. கண்ணாடி பொருத்துகிற தொழில். உயரமான கட்டடங்களில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, ஆள் உயரக் கண்ணாடியைச் சட்டத்துக்குள் உட்கார வைப்பான். கீழே குனிந்து பார்த்தால் அவனுக்குத் தலை சுற்றாது. ஊசியைப் பார்த்தால் சுற்றும். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தவர்களைக் கண்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியவன் என்று வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆளிடம்தான் அவள் சிறுநீரகம் கேட்கப் போனாள்.

ஆனால் கேட்கவில்லை. அங்கேதான் அவள் சாமர்த்தியம் இருந்தது.

பட்டறையில் அன்று வேறு யாரும் இல்லை. கண்ணாடித் தகடுகள் இடையிடையே பழைய செய்தித்தாள் செருகி, சுவரோரம் சாய்ந்து நின்றன. அவன் மேசைமேல் ஒரு தகட்டைக் கிடத்தி வெட்டுக்கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் அவன் மகளுடைய படிப்பை விசாரித்தாள். பிறகு அவன் பயத்தை அவளே எடுத்துச் சொன்னாள்.

“ஆபரேஷன்னு சொன்னாலே எனக்குப் பயமா இருக்கு. உனக்குக் கேக்கவே வேண்டாம்.”

அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அடுத்து அவள் ஒரு பழைய விஷயத்துக்குப் போனாள். சின்னவன் தொழில் கற்ற புதிதில் ஒரு கடையின் முகப்புக் கண்ணாடியை உடைத்துவிட்டான். ‘நான்தான் இடிச்சேன்’ என்று அண்ணன் போய் நின்று கடைக்காரரிடம் அறை வாங்கினான். இதை அவள் சொல்லவில்லை. “அந்தக் கடைக்காரர் என்ன கேட்டார், மறந்துபோச்சே?” என்று மட்டும் கேட்டாள். அவன் முழுக் கதையையும் தன் வாயாலேயே சொன்னான். ஒருவன் தானே சொன்ன கதையை அவனால் மறுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில், “நீ முடியாதுன்னு சொன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்க அண்ணன்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்” என்று எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள். எழுந்து போவதும் பேச்சில் சேர்த்திதான்.

“அண்ணி” என்று கூப்பிட்டான் அவன். “நான் தர்றேன்.”

அவள் தெருவுக்கு வந்து ஒரு மூடிய கடையின் கதவில் கையூன்றி நின்று அழுதாள். அந்த அழுகையில் ஒரு துளிகூடக் கலை இல்லை.

அவள் ஆராய்ச்சி மாணவி. பேச்சுக்கலையின் வரலாறு அவளுடைய பாடம். வழக்கு வைத்திருப்பவன் தானே எழுந்து பேசித் தீர வேண்டும் என்றிருந்த பழைய கிரேக்க நீதிமன்றத்தில் தொடங்கி, ரோமப் பள்ளிகள், பிரசங்க மேடைகள், அச்சு வந்த பிறகு பறந்த துண்டுப் பிரசுரங்கள், வானொலி, விளம்பரம் என்று மனிதன் மனிதனைப் பேசியே மாற்றிய கதை முழுவதையும் இழுத்துப் போட்டு வைத்திருந்தாள். கணவன் வீட்டில் யாருக்கும் இது வாயில் நுழையவில்லை. ‘வக்கீலம்மா’ என்று ஒரு பட்டப்பெயர் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். வாடகை வீட்டுக்காரரிடம் பேசணுமா, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கணுமா, கூப்பிடு வக்கீலம்மாவை.

கணவன் நில அளவையாளன். ஒரு காலத்தில் நாள் முழுக்க வெயிலில் வரப்பும் மேடுமாக நடந்தவன். இப்போது வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக் கிடந்தான். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். தாகம் தாங்காமல் ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். ஊசி குத்திக் குத்தி இடது கை ரத்தக்குழாய் கெட்டுப்போய், வலது கைக்கு மாறியிருந்தார்கள். இதுவும் அடைத்தால் அடுத்து எங்கே என்று கேட்டதற்கு டாக்டர், “அப்ப பாத்துக்கலாம்” என்றார். அவளுக்குச் சர்க்கரை நோய், அவளால் கொடுக்க முடியாது. மாமனார் வயதானவர், மாமியார் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தது சின்னவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அவனா சொன்னானா, நீ சொல்ல வச்சியா?”

“அவனாத்தான் சொன்னான்.”

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். நம்பினானோ, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தானோ, படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ரத்தம் எடுக்கும்போது சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு தடவை மயங்கியே விழுந்தான். ஆனாலும் எல்லா முடிவும் நல்லபடியாக வந்தது. ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்று டாக்டரே சிரித்தார். கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. கொடுப்பவரை மருத்துவமனையின் மனநல ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். யாருடைய கட்டாயமும் இல்லாமல்தான் கொடுக்கிறாரா என்று அவருக்குத் திருப்தியாக வேண்டும்.

அவளுக்குக் கலக்கம் பிடித்தது. சின்னவனைக் கேட்டால் ‘அண்ணி சொன்னாங்க’ என்றுதான் சொல்வான். சொன்னால் தீர்ந்தது.

அந்தப் பழைய கிரேக்க நீதிமன்றத்தில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பேசத் தெரியாத வழக்காளிக்கு உரை எழுதிக் கொடுப்பார்கள். அவன் மனப்பாடம் செய்து தன் பேச்சாகப் பேசுவான். விவசாயிக்கு எழுதினால் விவசாயி மாதிரி இருக்க வேண்டும், நடுநடுவே தடுமாற வேண்டும். அவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தாள். அதற்கு அடுத்த அத்தியாயம்தான் அவளை மாதக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. பேசி இணங்க வைப்பதும் கையை முறுக்கி இணங்க வைப்பதும் ஒன்றா, வேறா என்று பழையவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது. வேறு என்று எழுதத்தான் அவள் உட்கார்ந்தாள். எழுத வரவில்லை.

மருத்துவமனை கேண்டீனில் மூலை மேசையில் சின்னவனுக்குப் பாடம் நடந்தது.

“ஏன் கொடுக்கறீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?”

“அண்ணன் எனக்காக அடி வாங்கியிருக்கார்னு…”

“அது வேண்டாம். கடன் தீர்க்கற மாதிரி இருக்கும். நான் எதையும் கொடுக்கலை, எங்க அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்ததைப் பங்கு போட்டுக்கறேன், அவ்வளவுதான்னு சொல்லு.”

அவன் உதடு அசைய அசையச் சொல்லிப் பார்த்தான். காபி ஆறி ஆடை படிந்தது.

“பயமா இருக்கான்னு கேட்டா?”

“இல்லைன்னு சொல்றேன்.”

“இருக்குன்னு சொல்லு. கொஞ்சம் இருக்கு, ஆனா உயரத்துல தொங்கும்போதும் பயம் இருக்கும், அதுக்காக வேலையை விடறதில்லைன்னு சொல்லு.”

“எனக்கு அங்க பயம் இருக்காதே அண்ணி.”

“பரவாயில்லை. சொல்லு.”

அவன் காபி ஆடையை விரலால் எடுத்துப் போட்டான். அந்த நொடியில் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். “எல்லாம் சொல்லிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயடிக்கு முகம் கழுவப் போனான். அடுத்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஆலோசகர் நடுவயது அம்மாள். குரலை உயர்த்தாமல் பேசினார். வீட்டு நிலவரம், கணவனின் உடம்பு, அவளுடைய தூக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்படியொரு பரிவோடு அவளை யாரும் கேட்டு நாளாகியிருந்தது. பேச்சு தானாக வந்தது. கணவன் ராத்திரி எழுந்து காலிக் குவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். அண்ணன் தம்பி ஒட்டுதலைச் சொன்னாள்.

“இதுல கொடுக்கறது வாங்கறதுன்னு என்னங்க இருக்கு? அவங்க அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்ததைப் பங்கு போட்டுக்கறாங்க, அவ்வளவுதான்.”

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

“இந்த வாக்கியத்தை இன்னைக்கு நான் ஒரு தடவை கேட்டுட்டேனே அம்மா” என்றார்.

அவளுக்குக் காது சூடேறியது.

“நீங்க என்ன படிக்கறீங்க?”

அவள் சொன்னாள். சொல்லும்போதே, தன் கையெழுத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறோம் என்று தெரிந்தது.

ஆலோசகர் கோபப்படவில்லை. “உங்க நிலைமையில நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேனோ என்னவோ. ஆனா அவர் என்ன நினைக்கறார்னு எனக்குத் தெரியலை. அவருக்கே தெரியுமான்னு தெரியலை. கொஞ்ச வாரம் போகட்டும், மறுபடி பேசறேன். அதுவரைக்கும் வீட்டுல யாரும் இதைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. முக்கியமா நீங்க.”

“அதுக்குள்ள இவருக்கு ஏதாவது ஆயிட்டா?”

ஆலோசகர் தன் குறிப்பேட்டை மூடினார்.

அப்படித்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டார்கள். பிறந்ததிலிருந்து பேசியே காரியம் சாதித்தவளுக்கு அந்த வாரங்கள் போன விதத்தைச் சொல்லி மாளாது. போனைக் கையில் எடுப்பாள், சின்னவன் எண் வரைக்கும் போவாள், கீழே வைப்பாள். பாத்திரம் கழுவும்போது வாக்கியங்கள் வரும். ஒன்றைவிட ஒன்று நன்றாக வரும். குழாயைத் திறந்துவிட்டு அவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். கணவன் உள்ளேயிருந்து, “யாரோட பேசற?” என்பான்.

பிறகு கணவனின் வலது கை ரத்தக்குழாயும் அடைத்தது. அவசரமாகக் கழுத்தில் குழாய் வைத்தார்கள். காய்ச்சல் கண்டது. கண்விழித்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “தம்பி விஷயம் என்னாச்சு?” என்பதுதான்.

அவள் நேரே பஸ் ஏறிச் சின்னவன் வீட்டுத் தெருவில் போய் இறங்கினாள்.

எதிர்ப்புறம் மருந்துக்கடை ஓரமாக நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. கழுத்தில் குழாயோடு கிடக்கும் அண்ணனைப் பற்றி நாலே வரி. அதற்குமேல் வேண்டியதில்லை. சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தபோது, வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு சின்னவன் மனைவி வந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். தையல் கடையில் வேலை செய்கிறவள், கழுத்தில் அளவுநாடா தொங்கியது. வேகமாகச் சாலையைக் கடந்து வந்து ஓரகத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, வேண்டாம்.”

“நான் பேச வரலை. சும்மா பாத்துட்டுப் போகத்தான்…”

“நீங்க பேசினா அவர் ஒத்துக்குவார் அக்கா. எனக்கு அதுதான் பயம். உங்களை எதிர்த்துப் பேச எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவர் சரியாத் தூங்கறதில்லை. நேத்துப் பலகையில நிக்கும்போது கீழ பாத்துத் தலை சுத்திடுச்சாம். இத்தனை வருஷத்துல அப்படி ஆனதே இல்லை.”

தயாராக வைத்திருந்த நாலு வரியும் எங்கேயோ போய்விட்டன. அவள் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“எனக்கு அவர் வேணும்டி.”

“எனக்கும் இவர் வேணும் அக்கா.”

இரண்டு பெண்களும் மருந்துக்கடை வாசலில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி நின்றார்கள். மருந்து வாங்க வந்தவர்கள் விலகிப் போனார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. அங்கே அவன் நிற்கிறான். இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்துவிடுவான். தெருவைத் தாண்டக்கூட வேண்டாம்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தாள். அதைப் பெருந்தன்மை என்று அவள் எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. கால் அந்தப் பக்கம் போயிற்று, அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் திரும்பி ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று வெறி வந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆலோசகர் சின்னவனை மறுபடி கூப்பிட்டுப் பேசினார். அதற்கடுத்த வாரம் டாக்டர், கணவனையும் அவளையும் தன் அறைக்கு வரச் சொன்னார். சின்னவனும் வந்திருந்தான், ஆனால் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் மேசைமேல் சின்னவனுடைய பரிசோதனை முடிவுகள் மூடியபடி இருந்தன. அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்: “எல்லாத்தையும் பரிசீலனை பண்ணினதுல, தானம் கொடுக்க உங்க தம்பி மருத்துவரீதியாப் பொருத்தமில்லைன்னு முடிவாயிருக்கு.”

அவளுக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்த மாத்திரத்திலேயே விளங்கிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்பது அதில் இல்லை. எந்தப் பரிசோதனை என்பது இல்லை. யாரும் பிடித்து ஏற முடியாதபடி வழவழவென்று இழைத்த வாக்கியம். ஆலோசகர் அறையில் ஒருவன் ‘என்னால முடியாது’ என்று சொல்லியிருக்கிறான், அதை யாருக்கும் தெரியாமல் மூடி வைக்க இது செய்யப்பட்டிருக்கிறது. அண்ணன் முகத்தில் அவன் வாழ்நாள் முழுக்க விழிக்க வேண்டுமே, அதற்காக. இதயம் குதிரை மாதிரி என்று சிரித்தது இதே டாக்டர்தான். ‘எந்தப் பரிசோதனைல டாக்டர்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் சரிந்துவிடும். சரிந்தால் சின்னவன் வெட்கத்தாலேயே இணங்குவான். கேள்வி அவள் நாக்கு நுனியில் நின்றது.

அதற்குள் கணவன் பதறிப்போய்க் கேட்டான். “அப்ப தம்பிக்கு ஏதாவது வியாதியா டாக்டர்? சின்னக் குழந்தை இருக்கு அவனுக்கு.”

டாக்டர் முதல்தடவையாகத் திரும்பி அவனைப் பார்த்தார். “அதெல்லாம் இல்லை. அவர் நல்லா இருக்கார். தானம் கொடுக்கத்தான்…”

வாக்கியம் டாக்டர் கையிலேயே உடையப் பார்த்தது. அவள் குறுக்கே புகுந்தாள்.

“அப்படி இருக்கும்ங்க. ரெண்டும் இருக்கறவரைக்கும் ஒரு தொந்தரவும் தெரியாது, ஒண்ணை எடுத்தாத்தான் மத்தது தாங்குமான்னு சந்தேகம். அதைத்தான் டாக்டர் சொல்றாங்க. பயப்பட ஒண்ணும் இல்லை.”

டாக்டர் அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் பெயர் சேர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வரிசை நீளம் என்றார்.

வெளியே வந்ததும் சின்னவன் எழுந்து நின்றான். கண் சிவந்து வீங்கியிருந்தது. “அண்ணி, நான் வந்து…” என்று தொடங்கினான்.

“டாக்டர் எல்லாம் சொல்லிட்டாங்க” என்றாள் அவள். “நீ வீட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி காத்துட்டிருப்பா.”

கணவன் தம்பியின் தோளைத் தட்டினான். “உனக்கு ஒண்ணும் இல்லையாமேடா. அது போதும்.” சின்னவன் அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஓடினான்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. இருவரும் சிமெண்ட் பலகையில் உட்கார்ந்தார்கள்.

“அவன் பயந்துட்டான், இல்ல?” என்றான் கணவன்.

அவள் திடுக்கிட்டாள். “டாக்டர் சொன்னாரே…”

“டாக்டர் காலண்டரைப் பாத்துச் சொன்னார். நீ என்னைப் பாக்காம சொன்ன. நானும் அளக்கறவன்தான், ஒண்ணும் தெரியாதவன் இல்லை.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “நீ போய்ப் பேசியிருந்தா அவன் ஒத்துட்டிருப்பானா?”

இதற்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லலாம். அவள், “ஒத்துட்டிருப்பான்” என்றாள்.

“பேசியிருக்கலாம்.”

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

“பேசியிருக்கலாம் நீ. எனக்குச் சாகப் பிடிக்கலை. உள்ளே இருந்தப்ப தம்பிக்காகத் துடிச்சேன், அதுவும் நெஜம்தான். ஆனா எனக்குச் சாகப் பிடிக்கலை. கண்டவனுக்கெல்லாம் பேசின, எனக்குப் பேசலையே நீ.”

அவன் குரல் உடையவில்லை. அப்படியே சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அவன் அழுதிருந்தால் தேற்றியிருப்பாள், கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இந்தப் பேச்சுக்கு அவள் படித்ததில் எங்கேயும் மறுமொழி இல்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள்.

பஸ் வந்தது. அவன் எழுந்தான். அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கி, தானாகவே ஏறினான். நடத்துநர் பொறுமையாகக் காத்திருந்தார். அவள் பின்னால் ஏறினாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து தோள்பையைப் பக்கத்து இடத்தில் வைத்தான், பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் அங்கே உட்கார்ந்தாள்.